கவுனி அரிசித் தண்ணீர் ஏன் ஊதாவாகிறது?

காரைக்குடி, கானாடுகாத்தான் என்று காரில் சுற்றிவிட்டு வந்த வாசகர் ஒருவரின் கேள்வி: “அங்கே வாங்கிய கறுப்புக் கவுனி அரிசியை ஊறவைத்தால் தண்ணீர் மை கரைத்ததுபோல ஆகிவிட்டது. சாயம் ஏற்றிய அரிசியா?”

சாயம்தான். நெற்பயிர் தானே ஏற்றிக்கொண்ட சாயம். ஆந்தோசயனின் என்று பெயர். நாவல்பழத்துக்கும் கறுப்புத் திராட்சைக்கும் நிறம் தருவது இதே குடும்பம். நாசிக் ஒயின் ஆலைகளில் சிவப்பு ஒயினைத் தோலோடு நொதிக்கவிடுவதும் இதற்காகத்தான். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் கிடைக்கும். கவுனியிலும் நிறம் மேல் தவிட்டோடு சரி. ஓர் அரிசியைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை.

சந்தேகம் தீர வேண்டுமா? ஊறிய தண்ணீரை மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு: பளிச்சென்று சிவக்கும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா: நீலமாகி, பச்சை தட்டும். மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விடுங்கள். அமிலத்தில் ஆந்தோசயனின் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்ட சிவப்பு அயனியாக நிற்கிறது. அமிலம் குறையக் குறைய அது புரோட்டான்களை இழக்கிறது. அதற்கேற்ப அதன் எலக்ட்ரான்கள் விழுங்கும் ஒளியும் மாறி, ஊதா, பிறகு நீலம். காரத்தன்மை இன்னும் ஏறினால் மூலக்கூறின் நடு வளையமே பிளந்து மஞ்சளாகிறது. பிளந்ததும் பிளக்காததும் கலந்த நிலைதான் அந்தப் பச்சை. உணவில் சேர்க்கும் செயற்கைச் சாயங்கள் பெரும்பாலும் எலுமிச்சைக்கு இப்படி அசைந்து கொடுப்பதில்லை. பள்ளி ஆய்வகத்துக்கு லிட்மஸ் தாள் வாங்கப் பணமில்லை என்று கைவிரிக்கும் நிர்வாகங்கள் ஒரு படி கவுனி வாங்கலாம்.

உப்புத்தண்ணீர் ஆழ்துளைக் கிணறு உள்ள வீட்டில் கவுனி சாம்பல் பூத்த நீலமாக வருவதற்கும் இதுவே காரணம். அந்த நீரில் பைகார்பனேட் அதிகம். கொதிக்கையில் கரியமில வாயு வெளியேற, காரத்தன்மை கூடுகிறது. நல்ல தண்ணீரில் வேகவைத்தால் ஊதா நிற்கும்.

பர்மாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தாரோடு கப்பலேறி வந்தது இந்த அரிசி. கல்யாணப் பந்தியில் இனிப்பாகப் பரிமாறுவார்கள். ஒரு டம்ளர் அரிசியை ஒரே முறை லேசாக அலசி, மூன்றரை டம்ளர் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். தவிடு நீரை எளிதில் உள்ளே விடாது. இதில் அவசரப்பட்டால் நடுவில் கல்போல நிற்கும். கோடையில் இரவு பகலாக ஊறவிட்டால் புளித்துப்போகும். ஊறிய நீரைக் கொட்டாமல் அதிலேயே குக்கரில் ஒரு விசில், பிறகு சிறு தீயில் அரை மணி நேரம்.

வெந்து மசிந்த பிறகே முக்கால் டம்ளர் சர்க்கரை, அரை மூடித் தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய். முதலிலேயே சர்க்கரையைக் கொட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. சர்க்கரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாவுச்சத்து உப்பி வேகத் தேவையான வெப்பநிலையும் ஏறிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் அரிசி விறைப்புத்தான். இவ்வளவு சர்க்கரை போட்ட பண்டத்தை ‘நீரிழிவைக் குணமாக்கும்’ என்று பொட்டலத்தில் அச்சிட்டு விற்கிறவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

கவுனியின் பசைத்தன்மைக்குக் காரணம், கிளைகிளையாய்ப் பிரிந்த அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து மிகுதி. சோற்றை ஆறியதும் விறைக்கவைக்கும் நேர்ச்சங்கிலி அமைலோஸ் இதில் குறைவு. அதனால் காலையில் கிண்டியது மாலைவரை மெத்தென்றிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அமைலோபெக்டினும் மெல்ல இறுகும். அப்போது இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டினால் மறுபடி இளகிவிடும்.