அச்சுப் பிழையா, பட்டறை வேலையா? பழைய வெள்ளி ரூபாய் வாங்குவோர் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய வெள்ளியைத் தரம் பார்த்துச் சொல்லும் தொழிலில் இருப்பதால், ‘நாணயச்சாலையில் தவறாக அச்சான காசு’ என்று யாரோ சொன்னதை நம்பிப் பெரும் விலை கொடுத்து வாங்கியவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களில் பலர், இயந்திரத்தில் சோதித்து 91.7 சதவீதம் வெள்ளி என்று எழுதி வாங்கிய சீட்டையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அந்தச் சீட்டு உலோகத்துக்கு மட்டுமே சாட்சி. பின்னாளில் மாற்றப்பட்ட காசும் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்சிக்கால அசல் ரூபாய்தான் என்பதால், வெள்ளியின் தரமும் 11.66 கிராம் எடையும் அதிலும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும்.

ஆகவே, தகட்டிலிருந்து வில்லை வெட்டி, விளிம்பு எழுப்பி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடிக்கும் வேலையில் எந்தக் கட்டத்தில் இப்படி ஒரு பிழை நேர்ந்திருக்க முடியும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் அரசர் தலை புடைத்தும், மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிக் குழிந்தும் இருக்கும் காசை எடுத்துக்கொள்வோம். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அடுத்த வில்லை அதன்மேல் அடிபடும்போது இப்பிழை உண்மையிலேயே நேர்கிறது. ஒட்டிய காசு அச்சை முழுதும் மறைத்திருந்தால், ‘ஒன் ருப்பீ’ என்னும் எழுத்தின் சுவடுகூட அந்தப் பக்கத்தில் இருக்க இடமில்லை. மாறாக, இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸ் என்னும் பட்டறைப் பிடிப்பானில் இறுக்கியோ சுத்தியலால் தட்டியோ செய்த காசில், குழிவுக்கு அடியில் பழைய எழுத்துகள் நசுங்கிக் கிடக்கும்; அரசரின் கன்னம் தட்டையாகி, ஓரத்துப் பல்வரிகளும் கலைந்திருக்கும். இவ்வகைக் காசுகளையே நான் அதிகம் பார்க்கிறேன்.

அச்சில் விரிசல் விழுந்திருந்தால் வெள்ளி அதற்குள் ஏறி, காசின்மேல் மேடான கோடாக நிற்கும். பள்ளமான கோடு பெரும்பாலும் பிறகு விழுந்த கீறலே.

ஓரம் வளைவாகக் குறைந்த காசில், குறைவுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பைப் பாருங்கள். வில்லையே குறையாக வெட்டப்பட்டிருந்தால் அங்கும் விளிம்பு மங்கலாக எழும்பியிருக்கும். குறைவை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டிருக்கும். அரத்தால் அராவிய காசிலோ எழுத்து கத்தரித்ததுபோல் நின்றுவிடும்.

ஆண்டைத் திருத்துவது இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலை. 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது என்பதால், 1938 காசிலுள்ள 8இன் கீழ்வளையத்தில் இடப்பக்கத்தைச் செதுக்கி 9 ஆக்கிவிடுகிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, சாய்வான வெளிச்சத்தில் அந்த இலக்கத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பைப் பார்த்தால், உளி பட்ட தடமோ மற்ற இடத்தோடு ஒட்டாத பளபளப்போ தெரியும்.

1911ஆம் ஆண்டின் ‘பன்றி ரூபாய்’ இந்தக் கணக்கில் சேராது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலுள்ள யானை பன்றிபோல் தெரிந்தது வடிவமைப்பின் குறையே தவிர, அச்சடிப்பின் பிழை அல்ல.

காட்டக் கொண்டுவரும் காசைப் பூந்திக்கொட்டை நீரில் தேய்க்காதீர்கள், பாலிஷும் போடவேண்டாம். அடிபட்ட வேகத்தில் வெள்ளி ஓடிய நுண்வரிகள் தேய்ந்துவிட்டால், அசல் பிழைக் காசுக்கும் அத்தாட்சி இல்லாமல் போய்விடும்.