டாக் வாக்கிங்: நடைக் கூலியை மாத வருமானமாக மாற்றுவது எப்படி?

என் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டியவர். பாவு நூல் வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நிற்கும். தறி நின்ற வாரங்களில் மளிகைக் கடையில் கடன் ஏறும். கோவையில் நாய்களை வாக்கிங் கூட்டிப்போகும் வேலைக்கு நான் வந்த முதல் வருடம் என் பிழைப்பும் அப்படித்தான் ஓடியது. ஒரு நடைக்கு 150 ரூபாய். கூப்பிட்டால் போவேன், கூப்பிடாத நாளில் ஒன்றும் இல்லை. அந்த மே மாதம் ஏழு வீடுகளில் ஐந்து வீட்டார் பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பைக் தவணை கட்ட நண்பனிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிமார்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நடைக்கு எவ்வளவு வாங்கலாமுங்க?" என்றுதான். நானும் அப்படிக் கேட்டுத்தான் ஆரம்பித்தேன், அதனால்தான் சொல்கிறேன்: நடைக்கு விலை வைக்காதீர்கள். ஒரு வீட்டுக்காக நீங்கள் தினமும் ஒதுக்கி வைக்கிற அரை மணி நேரத்துக்கு மாத விலை வையுங்கள். ஸ்கூல் வேனுக்கு மாதப் பணம் கட்டுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் போகாவிட்டால் யாரும் கழித்துக்கொள்வதில்லை. அந்த சீட் நம் பிள்ளைக்காகக் காலியாகவே வந்து போனது என்று எல்லோருக்கும் புரிகிறது. நாயின் நேரமும் அதே மாதிரிதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் விற்கக்கூடிய நேரம் மிகக் குறைவு. நம் ஊர் வெயிலுக்குக் காலை 5.30 முதல் 9 வரை, மாலை 5 முதல் 8.30 வரை. அவ்வளவுதான். காலையில் 210 நிமிடம் கிடைக்கிறது. ஒரு நாய்க்கு 30 நிமிட நடை, அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து பெல்ட் மாட்ட 10 நிமிடம் என்றால் ஐந்து நாய்தான் முடியும். எல்லா வீடும் ஒரே அபார்ட்மெண்டில் இருந்து, இடைவெளி 5 நிமிடமாகக் குறைந்தால் ஆறு. மாலையும் அதே கணக்கு. ஆக ஒரு ஆளிடம் இருப்பது பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு ஸ்லாட். கணக்கு வசதிக்காக ஒரு ஸ்லாட்டுக்கு மாதம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்துக்கு 25,000, பன்னிரண்டுக்கு 30,000. பக்கத்துப் பக்கத்து வீடாகப் பிடித்ததற்கே மாதம் 5,000 ரூபாய் வித்தியாசம், பெட்ரோல் மிச்சம் தனி.

நான் ஆரம்பத்தில் வடவள்ளியில் ஒரு வீடு, பீளமேட்டில் ஒன்று, சரவணம்பட்டியில் ஒன்று என்று ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். காலை ஏழரைக்கு மேல் அவினாசி ரோட்டில் சிக்கினால் நாய் காத்திருக்கும், அந்த வீட்டுக்காரர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று நிற்பார். இப்போது என் வீடுகள் எல்லாம் இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. அதற்கு வெளியே யார் கூப்பிட்டாலும், அந்தப் பகுதியில் வேலை செய்யும் வேறு ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். அவரும் என் பக்கத்து வீடுகளை எனக்கு அனுப்புகிறார்.

என் மாதத் திட்டத்தில் 26 நாள். ஞாயிறு கிடையாது, அன்றைக்கு வீட்டில் உள்ளவர்களே கூட்டிப்போகட்டும். நாய்க்கும் அது வேண்டும். பணம் மாதத் தொடக்கத்தில், 5ஆம் தேதிக்குள் ஜிபேயில் வந்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு நாய் என்றால் ஒன்றரைப் பங்கு. இரண்டும் ஒன்றாக நடக்காது என்றால் இரண்டு ஸ்லாட், இரண்டு பங்கு. வேறு வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து நான் நடத்துவதில்லை. அப்படிச் செய்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்பது உண்மை. ஆனால் தெருவுக்குத் தெரு நாய்க்கூட்டம் உள்ள ஊரில் இரண்டு கையிலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எதையும் சமாளிக்க முடியாது.

பணம் கழிக்கும் பேச்சு எப்படியும் வரும். ஒரு வீட்டு அய்யா, மகனும் மகளும் அமெரிக்காவில், அவர்கள் வாங்கிக் கொடுத்த ஜெர்மன் ஷெப்பர்டு இங்கே. இந்த மாதிரி வீடுகள் கோவையில் நிறைய உண்டு. வயதானவர்களால் இழுத்துப் பிடிக்க முடியாத நாய். அவர் சொன்னார்: "தம்பி, பத்து நாள் பழனி, மதுரைன்னு போயிட்டு வர்றோமுங்க. அந்தப் பத்து நாள் காசைக் கழிச்சுக்கலாமுங்களா?"

"அய்யா, அந்த நேரத்தை வேற யாருக்கும் நான் கொடுக்க முடியாதுங்க. கொடுத்தா நீங்க வர்றப்ப உங்க நாய்க்கு இடம் இருக்காதுங்க. அதுக்குப் பதிலா நாய் வீட்டுலயே இருக்கட்டும். நான் வந்து சோறு வெச்சு, நடத்திட்டுப் போறேனுங்க."

அம்மா உள்ளேயிருந்து, "அதுதான் நல்லது கண்ணு, ஹாஸ்டல்ல விட்டா அது சாப்புடாது" என்றார். இப்போது வெளியூர் போனால் அவர்கள் எனக்குக் கூடுதல் வேலையாகத்தான் கொடுக்கிறார்கள். இருந்தாலும் ஒரு விட்டுக்கொடுத்தல் வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 12 நாள் வரை முன்கூட்டியே சொன்னால், அந்த நாட்களை வேறொரு ஞாயிறிலோ, பகல் நேர உதவியாகவோ ஈடு செய்கிறேன். பணமாகக் கழிப்பதில்லை. நான் வராத நாளுக்கு மட்டும் கேட்காமலே கழித்துவிடுவேன். இந்த இரண்டும் ஒரு தாளில் எழுதி, முதல் நாளே கொடுத்த விஷயங்கள்.

அதே தாளில் வேறு சிலவும் உண்டு. நாய் இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், தடுப்பூசி அட்டையின் நகல், டாக்டர் நம்பர், அவசரம் என்றால் உரிமையாளரைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தன் பொறுப்பில் உள்ள விலங்கு மற்றவருக்கு ஆபத்தாகாதபடி பார்த்துக்கொள்ளாவிட்டால், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கலாம். பெல்ட் நம் கையில் இருக்கும் நேரத்தில் அந்தப் பொறுப்பு நம்முடையதும்தான்.

சரி, மாதா மாதம் வீட்டார் ஏன் பணம் அனுப்புகிறார்கள்? நாய் நடந்தது என்பதற்காக மட்டும் என்றால் இரண்டு மாதத்தில் வாட்ச்மேனிடம் 1,000 ரூபாய் கொடுத்து விட்டுவிடுவார்கள். அவர்கள் பார்க்காத அரை மணி நேரத்தில் நாய்க்கு என்ன நடந்தது என்று ஒருவர் பொறுப்பாகச் சொல்கிறார் என்பதற்குத்தான் அந்தப் பணம். நடை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புகிறேன்: எத்தனை நிமிடம், மலம் இறுக்கமா இளக்கமா, நொண்டியதா, உண்ணி இருந்ததா. திரும்பியதும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒரு லாப்ரடார் மூன்று நாளாகச் சோர்ந்து நடந்தது. ஈறு வெளுத்திருந்தது. படம் எடுத்து அனுப்பி, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்றேன். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல். நாய் பிழைத்துக்கொண்டது. அந்த வீட்டின் மூலமாக அதே அபார்ட்மெண்டில் இன்னும் மூன்று வீடுகள் வந்தன. நோட்டீஸ் அடித்து ஒரு வீடுகூட வந்ததில்லை.

வேலை வேண்டாம் என்று சொல்லவும் பழக வேண்டும். தடுப்பூசிகள் முடியாத குட்டியை ரோட்டில் நடத்தச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. குட்டிகளுக்கு ரத்த வயிற்றுப்போக்கு வரவைத்துக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். குட்டிக்கு நாலு மாதம் ஆகி, தடுப்பூசி வரிசை முடிந்தது என்று டாக்டர் சொல்லும்வரை வீட்டுக்கே போய் பெல்ட் பழக்குகிறேன், சத்தங்களுக்குப் பழக்குகிறேன். மாதத் தொகை அப்போதே தொடங்கிவிடும். அப்புறம் அந்த நாய் பல வருடம் என்னிடம்தான்.

வெயில் காலம்தான் வருமானத்துக்குப் பெரிய சோதனை. கத்திரியில் வீட்டாரே, "இந்த வெயில்ல எதுக்குங்க நடக்கணும், ஜூன்ல பார்க்கலாம்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அரை மணியைப் பிரித்துவிடுகிறேன். விடியலில் 15 நிமிடம் நடை, மீதி நேரம் வீட்டுக்குள் மோப்பம் பிடித்துத் தீனி தேடும் விளையாட்டு. துண்டு மடிப்புக்குள் கடலையை ஒளித்து வைத்தால் போதும், நாய் அசந்து தூங்கும். இதை மார்ச்சிலேயே சொல்லிவிடுவதால் மே மாதம் யாரும் நிறுத்துவதில்லை. ஐப்பசி மழைக்கும் இதே ஏற்பாடுதான். தேங்கிய தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால் குட்டைகளில் இறங்க விடுவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஊர் நோம்பி (திருவிழா) நடக்கும் தெரு என்று தெரிந்தும் ஒரு மாலை அந்த வழியே போனேன். வேட்டுச் சத்தத்தில் நாய் பின்னுக்கு இழுத்து, கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் தேடினேன். ஒரு பேக்கரியின் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்கு இடையில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. வீட்டாரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர்கள் என்னை நிறுத்திவிட்டார்கள், அது நியாயம்தான். அன்றிலிருந்து கழுத்துப் பட்டை ஒன்று, மார்புப் பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. தீபாவளி வாரத்தில் விடிகாலை நடை மட்டும்.

தெரு நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்குச் சோறு வைப்பவர்கள் எந்த மூலையில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று தெரிந்துவைத்து, அந்த நேரத்தில் அந்த வழியைத் தவிர்த்தாலே பெரும்பாலான சண்டை நடக்காது. ஓடக் கூடாது, கல்லெடுக்கவும் கூடாது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். போட்டிருந்தாலும் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் முன்பே போட்டதைச் சொல்லுங்கள். இரண்டு ஊசி மறுபடியும் வேண்டும். அறிகுறி வந்தபின் ரேபிஸிலிருந்து மீள்வது ஏறக்குறைய இல்லை. வீட்டு நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நமக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? தனி ஆளாக இருப்பதுதான் மாத வருமானத்தில் பெரிய ஓட்டை. நானும் பக்கத்துப் பகுதியில் இதே வேலை செய்யும் இன்னொருவரும் ஒருவர் நாய்களை மற்றவருக்கு முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிறோம். அவர் வந்த நாளுக்கான முழுத் தொகையும் அவருக்கே. வீட்டு விஷயம் இருந்தால்கூட ஸ்லாட் நிற்பதில்லை. சாவிகளில் வீட்டு நம்பரோ பெயரோ எழுதுவதில்லை, வண்ண நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்கிறோம். சிறு தொழில்களுக்கு அரசு இலவசமாகத் தரும் உத்யம் பதிவும் இருவரும் எடுத்துவிட்டோம். கட்டணத்தை வருடம் ஒருமுறை தையில் கொஞ்சம் ஏற்றுகிறேன், மார்கழி முதல் வாரமே தெரிவித்துவிடுவேன்.

வயதான நாய்களுக்கு நடை குறைந்துகொண்டே வரும். கடைசி மாதங்களில் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் நிற்க வைப்பதுதான் வேலையாக இருக்கும். அதற்கும் ஸ்லாட் அப்படியே இருக்கும், அவசரப்படுத்துவதில்லை. நாய் இறந்துவிட்டால் மீதி நாட்களுக்கான பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன். இடத்துக்காகக் காத்திருக்கும் வீட்டாரை அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு மேல்தான் கூப்பிடுகிறேன். அதுவரை அந்த அரை மணி நேரம் காலியாகவே இருக்கும்.