மூன்று பெடல், இரண்டு கால், இருபது வளைவு

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, மேலிருந்து மூன்றாவதோ நான்காவதோ கொண்டை ஊசி வளைவில்தான் அதைச் செய்து பார்த்தேன். பக்கத்து சீட்டில் பெரியப்பா. சங்ககிரியிலிருந்து முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே பாதத்தின் வெளி ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். மாற்றினேன் என்று சொல்லக்கூடாது. கார் ஒருமுறை குனிந்தது, உறுமியது, மறுபடி குனிந்தது. பின்சீட்டில் இருந்த பலாப்பழம் உருண்டு கீழே விழுந்தது.

“என்ன கண்ணு, கால்ல மாவு பிசையுறியா?” என்றார் பெரியப்பா.

நான் செய்யப் பார்த்ததற்குப் பெயர் ‘ஹீல் அண்ட் டோ’. குதிகாலும் கால்விரலும் என்று அர்த்தம். இன்றைய கார்களில் பெரும்பாலும் குதிகாலுக்கு அதில் வேலை இல்லை, பாதத்தின் இரண்டு ஓரங்கள்தான் வேலை செய்கின்றன. பந்தயக்காரர்களின் வித்தை இது. வளைவுக்கு முன்னால் உயிரைக் கொடுத்துப் பிரேக் பிடிக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள்ளேயே கியரையும் இறக்கியாக வேண்டும். இடது கால் கிளட்ச்சில். வலது கால் பிரேக்கில். இன்ஜினுக்கு ரேஸ் கொடுக்க மூன்றாவது கால் கிடையாது. ஆகவே ஒரு காலையே இரண்டாகப் பங்கு போட்டார்கள்.

பிரேக் பிடித்து வண்டியை மெதுவாக்கும்போது எதற்காக ரேஸ் கொடுக்க வேண்டும்? கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

சாதாரண சிறிய கார் ஒன்றின் டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறத்தாழ 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 500 மீட்டர். அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 278 சுற்று. மூன்றாம் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 5.2 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் 7.8 முறை. அப்படியானால் அதே 30 வேகத்தில் மூன்றாம் கியரில் இன்ஜின் சுமார் 1,450 சுற்றும், இரண்டாம் கியரில் சுமார் 2,170. நாம் கிளட்ச்சை மிதித்து கியரை மாற்றும் அந்தச் சின்ன இடைவெளியிலோ, ஆக்ஸிலேட்டரில் கால் இல்லாததால், இன்ஜின் 800 பக்கம் இறங்கிவிடுகிறது. கிளட்ச்சை விடும்போது 800-ல் சோம்பிக் கிடக்கும் இன்ஜினை யாராவது 2,170-க்குத் தூக்கியாக வேண்டும்.

யார் தூக்குவது? ரேஸ் கொடுத்தால் பெட்ரோல் தூக்கும். கொடுக்காவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் காரே தன் வேகத்தைக் கொஞ்சம் கழற்றிக் கொடுத்துத் தூக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கல் கிளட்ச் பிளேட்டின் உராய்வு வழியாகத்தான் நடக்கிறது. படாரென்று கிளட்ச்சை விட்டால் கார் குனிவது இதனால்தான். மெல்ல விட்டால் குனியாது, ஆனால் பிளேட் தேய்கிறது. நம்மில் பலர் இரண்டாவது வழியில்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறோம். ஒரு பெரிய குற்றமில்லை. ஒருமுறை மாற்றும்போது பிறக்கும் சூடு கொஞ்சம்தான். ஹாஃப் கிளட்ச்சில் மேட்டில் நிற்பவர்கள் செய்யும் சேதத்துக்கு முன்னால் இது தூசு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஹீல் அண்ட் டோ செய்தால் கியர் பாக்ஸுக்கு ஆயுள் கூடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள், பிரித்துப்போட்ட கியர் பாக்ஸ் ஒன்றின் உள்ளுறுப்புகளைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்தார் மெக்கானிக். அதில் வளையல் மாதிரி ஒரு பித்தளை ரிங். வெளி விளிம்பில் பொடிப் பற்கள், உட்புறம் லேசாகக் கூம்பு வடிவம், அதில் தலைமுடி கனத்தில் வரிவரியாகக் கோடுகள். “இதாண்ணா சின்க்ரோ ரிங்கு. கோட்டைப் பாருங்க, மழுங்கிப்போச்சு. அதான் ரெண்டாவது போடும்போது கரகரங்குது” என்றார்.

அந்த ரிங்கின் வேலை, கியர் பற்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கு முன் இரண்டு பக்கத்து வேகத்தையும் உரசிச் சமப்படுத்துவது. அப்போது கிளட்ச் மிதிபட்டிருப்பதால் இன்ஜின் தனியாகக் கழன்று நிற்கிறது. ரிங் இழுத்துச் சுழற்ற வேண்டியது கிளட்ச் பிளேட்டையும் கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டையும் மட்டும்தான். கிளட்ச்சை மிதித்துக்கொண்டு எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் அந்தப் பித்தளைக்குச் செய்தியே போய்ச் சேராது. கொடுக்கும் ரேஸால் மிச்சமாவது கிளட்ச் பிளேட்டும் டயரின் பிடிப்பும்தான்.

ரிங்குக்கும் உதவ வேண்டுமானால் பெரியப்பா செய்த வேலையைச் செய்ய வேண்டும். அவர் கிளீனராக இருந்து ஓட்டக் கற்றுக்கொண்ட லாரியில் இந்த ரிங்கே கிடையாது. காடிலாக் கார்களில் 1928-லேயே சின்க்ரோமெஷ் என்ற இந்த வேகம் சமப்படுத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. நம்மூர் லாரிகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. அதுவரை டபுள் கிளட்ச்தான். கிளட்ச்சை மிதித்து நியூட்ரல், கிளட்ச்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்துக் கீழ் கியர். நடுவில் கிளட்ச்சை விட்டுக் கொடுக்கும் அந்த ரேஸ்தான் உள் தண்டையும் சேர்த்துச் சுழற்றிவிடுகிறது. “காதுல கேட்டுப் போடணும் கண்ணு. சத்தம் ஒத்துப்போச்சுன்னா வெண்ணெய்ல கத்தி இறங்குற மாதிரி இறங்கும். ஒத்துப்போகலைன்னா ஊருக்கே கேக்கும்” என்பார். கணக்குப் போடாமல், இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் பார்க்காமல், 1,450-க்கும் 2,170-க்கும் உள்ள தூரத்தை அவர் செவி அளந்திருக்கிறது.

டயருக்கு வருவோம், மலையில் உயிர் போகும் இடம் அதுதான். டயருக்கும் தாருக்கும் நடுவில் உள்ள பிடிப்பு ஒரு மொத்தத் தொகை. பிரேக்குக்கும் அதிலிருந்துதான் செலவு, திரும்புவதற்கும் அதிலிருந்துதான். மழையில் நனைந்த வளைவில், பாதி திரும்பியிருக்கும்போது, ரேஸ் கொடுக்காமல் இரண்டாம் கியருக்குப் போட்டு கிளட்ச்சைச் சட்டென்று விட்டால், சோம்பிய இன்ஜின், வண்டியை இழுக்கும் சக்கரங்களைப் பின்னுக்குப் பிடிக்கிறது. தொகை காலி. முன்சக்கரங்கள் இழுக்கும் காராக இருந்தால் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது, நேராகப் போகும். பின்சக்கரங்கள் இழுக்கும் ஜீப்பாக இருந்தால் வால் வீசும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது பிரேக் அழுத்தத்தைத்தான் தளர்த்தும், இன்ஜின் பிடித்திருக்கும் பிடியை அது மட்டும் தனியாகத் தளர்த்திவிட முடியாது.

சரி, இறக்கத்தில் கீழ் கியர் எதற்கு, பிரேக் போதாதா? ஏற்காடு ஏரிக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியே விடும் ஆற்றல் சுமார் 12.7 மெகாஜூல். அதை வைத்து நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பச்சைத் தண்ணீர் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். ஒரு கல்யாண அண்டா. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரின் உருளலும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக் வழியாகப் போனால், சக்கரங்களுக்குள் டிஸ்க்கைக் கவ்வும் உள்ளங்கை அளவு பேடுகள்தான் அந்த அண்டாவைச் சுட வைக்க வேண்டும்.

பேடு சூடேறினால் பிடிப்பு குறையும். அதைவிட மோசம், பிரேக் ஆயில் கொதிப்பது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை என்றால் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரக்கட்டளை. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால்தான் காலின் அழுத்தம் சக்கரம் வரை போகிறது. ஆவியைச் சுருக்கலாம். காலை வைத்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்வது இதற்காகத்தான். நம்மவர்கள் இன்ஜின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி இதற்குக் காட்டுவதில்லை.

‘ஏறின கியர்லயே இறங்கு’ என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் வழக்கு. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்று போகும் வாய் அநேகமாக மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் மூடிய வாய் வழியாகக் காற்றை உறிஞ்ச மல்லுக்கட்டுகின்றன; விரலால் வாயை அடைத்த சிரிஞ்சை இழுத்துப் பார்த்தால் அந்தக் கஷ்டம் கையில் தெரியும். உள் உராய்வும் அதோடு சேர, இன்ஜின் பிரேக்காக மாறிவிடுகிறது. கீழ் கியரில் அது அதிகச் சுற்று சுற்றுவதால் ஒவ்வொரு நொடியும் அதிகம் விழுங்கும். அந்தச் சூடு பேடுக்குப் போகாமல் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழல் வழியாகவும் போய்விடுகிறது. இன்னொன்று, இப்போதைய கார்களில் இப்படி கியரில் இறங்கும்போது பெட்ரோல் பாய்வதையே கணினி நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறக்கினால்தான் இன்ஜின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் செலவும் செய்து, ஒரு பிரேக்கையும் கழற்றி வைக்கிறார்கள். சாவியையே அணைத்து இறக்குகிறவர்களைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. சில மிதியிலேயே, காலுக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.

ஆக, வேண்டியது கீழ் கியர். கீழ் கியருக்குப் போகும்போது ஒத்த சுற்று. இதற்கு ஹீல் அண்ட் டோ அவசியமா? வீட்டு வாசலில் காரை நிறுத்தி அடிஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். பிரேக் பெடல் ஆக்ஸிலேட்டரைவிட நாலு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பந்தயத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிப்பதால் அது இறங்கி ஆக்ஸிலேட்டருக்குச் சமமாக வரும், பாதத்தை உருட்டினால் எட்டும். சாலையில் நாம் மிதிக்கும் மிதிக்கு அது ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் அதிகம். எட்டாத ஆக்ஸிலேட்டரை எட்டக் காலைக் கோணினால் பிரேக்கும் சேர்ந்து அழுந்தும். பலாப்பழம் விழுந்ததன் விஞ்ஞானம் இதுதான். போதாக்குறைக்கு நான் அன்று போட்டிருந்தது ரப்பர் செருப்பு. தவிர, புதிய கார்கள் பலவற்றில் இரண்டு பெடலும் சேர்ந்து அழுந்தினால் ஓட்டுநர் தவறி மிதித்துவிட்டார் என்று கணினி எடுத்துக்கொண்டு ரேஸை வெட்டிவிடும்.

ஏறும்போது இந்த வித்தைக்கு வேலையே இல்லை. மேடே வேகத்தைக் குறைத்துவிடும், வலது கால் சும்மாதான் இருக்கிறது, ரேஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். ஊருக்குள் அஸ்தம்பட்டி சிக்னலிலோ ஐந்து ரோட்டிலோ செய்கிறவர்கள் யாருக்கோ படம் காட்டுகிறார்கள். இறக்கத்தில் மட்டும் ஒரு நியாயம் உண்டு. பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்த ஒரு நொடியிலும் வண்டி வேகம் பிடிக்கும். எதிரே பஸ் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும்போது அந்த ஒரு நொடியைக் கொடுக்க மனம் வராது. அப்படி ஒரு நிலைமையில் கியரை மறந்துவிட்டு பிரேக்கை மட்டும் மிதிப்பதே மேல் என்பது என் கட்சி. மாற்ற வேண்டியதை அதற்கு முன்பே, நேர்பாதையிலேயே மாற்றியிருக்க வேண்டும்.

பைக் ஓட்டுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இரண்டு விரல் பிரேக் லீவரில், மிச்ச உள்ளங்கை ஆக்ஸிலேட்டரில். கொஞ்சம் பழகினால் இரண்டும் ஒரே கையில் அமைந்துவிடும். இப்போது பல பைக்குகளில் ஸ்லிப்பர் கிளட்ச் வேறு வருகிறது. பின்சக்கரம் இன்ஜினை மீறித் தள்ளும்போது அது தானாகவே கொஞ்சம் நழுவிக்கொடுத்துவிடும்.

அடுத்த முறை இறங்கியபோது, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நேராக இருக்கும் துண்டிலேயே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, ஒரு சின்ன ரேஸ், இரண்டாம் கியர், கிளட்ச்சை விட்டுவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். ஐந்தாறு வளைவுக்குப் பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டிலேயே விட்டுவிட்டேன், இன்ஜின் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு இடத்தில் மூன்றாவதுக்குப் போட்டேன். கண்ணைத் திறக்காமலே, “எதுக்கு?” என்றார்.

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினோம். இறங்கியதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், அனலைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டார். நாலு கார் தள்ளி ஒரு வெள்ளைக் காரின் சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது, கருகிய வாடை டீக்கடை வரைக்கும் வந்தது. ஓட்டி வந்த பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து டிஸ்க்கின் மேல் ஊற்றப் போனான்.

“ஊத்தாதே தம்பி, ஊத்தாதே. கோணிக்கும். சும்மா விடு, அரை மணி நேரம் ஆறட்டும்” என்று கையை நீட்டிக்கொண்டே போனவர், அவன் எந்த கியரில் இறங்கினான் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய டீயையும் நானே குடித்தேன்.