கம்பூட்ஸ்: அடியைப் புதைக்கும் அரணம்

ஐப்பசி பிறந்து நாலு நாள் இருக்கும். சோழவந்தான் பக்கம் வயல் வைத்திருக்கும் என் மாமாவோடு மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தேன்.

"என்னண்ணே வேணும்?"

"ராத்திரி மடை மாத்தப் போகணும்ப்பா. முழங்கால் வரைக்கும் ஏறுமே, கம்பு பூட்ஸ், அதுல ஒரு சோடி எடு."

கடைக்காரருக்குப் புரிந்தது. உள்ளே போய்க் கறுப்பில் ஒரு சோடி கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் மாமா கம்பு என்கிறீர்கள் என்று. "கழட்டி வச்சாலும் கம்பு நட்ட மாதிரி நட்டமா நிக்குதுல்ல மாப்ள" என்றார்.

அவர் சொன்ன காரணம் தப்புதான். ஆனால் பொருள் புரியாத ஒரு சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த பொருளைப் பூட்டிப் பார்ப்பது மொழி எப்போதும் செய்கிற வேலை. படித்தவர்கள் மட்டும் சரியாகச் சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. "கம்" என்றால் பசை, பசை வைத்து ஒட்டிய பூட்ஸ் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் தப்பு.

கம் என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் என்று பின்னோக்கிப் போய் எகிப்தில் முடிகிறது. அங்கே அதற்குப் பொருள் மரத்திலிருந்து வடிகிற பிசின். அந்தப் பொருளுக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. வேலம்பிசின் என்கிறோம். மதுரையில் ஜிகர்தண்டா குடித்த எவருக்கும் கிளாஸின் அடியில் வழுக்கிக்கொண்டு கிடக்கும் பாதாம் பிசினைத் தெரியும். ஐரோப்பியர் தென்னமெரிக்காவில் ஒரு மரத்தின் பாலைக் காயவைத்துச் செய்த உருண்டையைப் பார்த்தபோது, அதையும் ஒருவகைப் பிசின் என்றே எண்ணினார்கள். இழுத்தால் நீளும் பிசின். அந்தப் பெயர் சுருங்கிக் கம் என்று நின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அதில் பூட்ஸ் செய்யத் தொடங்கியபோது கம்பூட் ஆனது. ஆகவே கம்பூட்ஸில் உள்ள கம் ஒட்டுகிற பசை இல்லை. ரப்பரின் பழைய பெயர்.

ரப்பர் என்ற பெயர் வந்த கதை இன்னும் எளிது. பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் உதவுகிறது என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் எழுதிவைத்தார். தேய்ப்பதால் ரப்பர். இழுபடுவதற்கோ தண்ணீர் புகாமல் காப்பதற்கோ அந்தப் பெயரில் இடமே இல்லை. முதலில் எந்த வேலைக்கு வந்ததோ அந்த வேலையே பெயராக ஒட்டிக்கொண்டது.

தமிழில் ரப்பருக்குத் தொய்வம் என்று ஒரு ஆக்கம் இருக்கிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கயிற்றுக்கட்டில் தொய்ந்துவிட்டது என்றால் இனி எழும்பாது என்று பொருள். ரப்பரின் குணம் நேர் எதிர், இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த வகையில் மீள்மம் என்ற சொல் பொருத்தம். ஆனால் இரண்டையும்விட எனக்குப் பிடித்தது மலேசியத் தமிழர் சொல்லும் பால்மரம். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் யாரிடமும் கலைச்சொல் கேட்கவில்லை. மரத்தைக் கீறினார்கள், பால் வடிந்தது, பால்மரம் என்றார்கள், வேலை பால்வெட்டு ஆனது. பொருளுக்கு மட்டும் ரப்பர் என்பதையே வைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சரி, பூட்ஸுக்கு வருவோம். பச்சை ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து உடையும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டுக்கும் தாங்கும் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். 1844இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையைக் காலணிக்குப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்று ஹைராம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் 1853இல் பிரான்சில் தொழிற்சாலை போட்டார். அதுவரை மரக்கட்டைச் செருப்போடு வயலில் இறங்கிய பிரெஞ்சு விவசாயிகளின் கால் அதற்குப் பிறகுதான் நனையாமல் வீடு திரும்பியது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றிலேயே நின்று நின்று சிப்பாய்களுக்குப் பாதம் அழுகியபோது, எடின்பரோவில் ஒரு நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 12 லட்சம் சோடி ரப்பர் பூட்ஸ் செய்து கொடுத்தது.

இங்கிலாந்தில் இதற்கு வெல்லிங்டன் என்று பெயர். வெல்லிங்டன் பிரபு ஆவதற்கு முன் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் அவர். குன்னூர் பக்கத்து வெல்லிங்டனும் அவர் பெயர்தான். அவர் தன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்துகொண்டது கன்றுத்தோல் பூட்ஸ், அதில் துளி ரப்பர் கிடையாது. வடிவத்தின் பெயர் அப்புறம் ரப்பருக்கு மாறிவிட்டது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பூட்ஸை வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்குவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. தோலும் துணியும் மனித வாடையைப் பிடித்துவைக்கும், ரப்பர் அந்த அளவுக்குப் பிடிக்காது. நடந்த தடத்தை மான் மோப்பம் பிடிக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. பருவம் மாறினால் பூட்ஸும் மாறும். இலையுதிர் காலத் தொடக்கத்தில் உள்ளுறை இல்லாத மெல்லியது. குளிர் ஏற ஏற, உள்ளே நியோப்ரீன் வைத்தது. 1930இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர் இது. கடலில் முக்குளிப்பவர்களின் உடையிலும் இதுதான் இருக்கும். மூன்றரை மில்லிமீட்டர், ஐந்து மில்லிமீட்டர் என்று கனம் பார்த்து வாங்குவார்கள். பனி கொட்டும் மாதங்களுக்கு இன்னும் தடித்த கதகதப்பு உறை. கனத்த கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டும் என்று ஒரு அளவு கூட்டியே எடுப்பார்கள்.

இங்கே காட்டு விலங்கு வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒடுங்கி, 1991 திருத்தத்தோடு முடிந்தது, முடிந்ததும் நல்லது. மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதைத்தான் வேட்டை என்று சொல்ல மிச்சமிருக்கிறது. ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் கையில், வேட்டி தொடைக்கு மேலே. அங்கே யாரும் பூட்ஸ் போடுவதில்லை. போட்டால் முதல் பத்தடியில் கண்மாய்ச் சேறு அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்.

ஆனால் பருவத்துக்கு ஏற்ற பூட்ஸ் என்ற அந்தக் கேள்வி நமக்கும் உண்டு. நம் பருவங்களில் பனி இல்லை. சித்திரை, வைகாசி வெயில் இருக்கிறது, ஆடிக் காற்று இருக்கிறது, ஐப்பசி, கார்த்திகை அடைமழை இருக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது கதகதப்பு உறை இல்லவே இல்லை. அப்படிப்பட்டது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மதுரை வெயிலில் அரைமணி நேரத்தில் பாதம் வெந்துவிடும், வியர்வை உள்ளேயே தேங்கி விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். உள்ளே மெல்லிய துணி ஒட்டியது போதும், காலுறை கட்டாயம் போட வேண்டும், மாற்றுக்கு ஒன்று பையில் இருந்தால் நல்லது.

கோடையில் தெளிப்பு மருந்து அடிப்பவருக்கும் முள்ளுக்காட்டில் நடப்பவருக்கும் கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் குட்டைப் பூட்ஸ் போதும். மழைக்காலம் வேறு. வரப்பில் புல் முழங்கால் உயரம் நிற்கும், எலி வளை நிறைந்திருக்கும், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் வரும். வயல்வெளியில் பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கெண்டைக்காலுக்குக் கீழேயும்தான் விழுகிறது. எலிக்காய்ச்சலும் காலில் இருக்கும் வெடிப்பு வழியாகத் தேங்கிய தண்ணீரிலிருந்தே ஏறுகிறது. அந்த மாதங்களில் முழங்காலுக்குக் கீழே வரை ஏறும் நெட்டைப் பூட்ஸில் ஒரு அங்குலம்கூடக் குறைக்கக் கூடாது. சாக்கடையில் இறங்கி நிற்கும் துப்புரவுப் பணியாளருக்கோ எந்தப் பருவமும் மழைக்காலம்தான்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாமாவின் பழைய சோடி ஒரு அளவு பெரியது. போன வருடம் நாற்றங்காலில் அவர் வலது காலைத் தூக்கினார், கால் மட்டும் வந்தது. பூட்ஸ் சேற்றிலேயே நின்றது, வாயைத் திறந்துகொண்டு. ஒற்றைக் காலில் தடுமாறி, மண்வெட்டியை ஊன்றி, வெறுங்காலை எங்கே வைப்பது என்று அவர் தேடிய அந்த நிமிடத்தில் மெதுவாகச் சேற்றுத்தண்ணீர் பூட்ஸின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. பாதத்தைவிடக் கணுக்கால் பிடிப்புத்தான் முக்கியம் என்று அன்று தெரிந்தது. குதிகால் ஒரு விரல்கூட உள்ளே எழும்பக் கூடாது. கடைக்குச் சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் வேலைக்கு உதவும். அடிப்பகுதிப் பள்ளங்கள் ஆழமாக இருந்தால் நல்லது என்பார்கள். மேலூர்ச் செம்மண்ணுக்கு அது சரி. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் அந்தப் பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு காலுக்கு ரெண்டு கிலோ மண் ஏறிவிடும். அங்கே பள்ளங்கள் அகன்று விலகி இருக்க வேண்டும்.

இன்னொன்று. கடையில் கம்பூட்ஸ் என்று நீட்டும் மலிவுச் சோடிகளில் பெரும்பாலும் கம் இல்லவே இல்லை. அது பிவிசி, அச்சில் வார்த்த பிளாஸ்டிக். தப்பான பொருள் என்று சொல்லமாட்டேன், மழைக்காலத்துக்குத் தாராளமாக உழைக்கும். ஆனால் ரப்பர் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. மடக்கிப் பாருங்கள். ரப்பர் இணங்கி மடங்கி, விட்டதும் நிமிரும். பிவிசி முரண்டு பிடிக்கும். ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு ஒன்றும் ஓடும்.

இப்போது தமிழ்ப் பெயர். செருப்பு பழைய சொல். பதிற்றுப்பத்தில் செருப்பு என்ற மலையைப் பாட வந்த புலவர், கேட்பவர் காலணி என்று எண்ணிவிடக் கூடாதே என்று "மிதியல் செருப்பு", அதாவது மிதிக்காத செருப்பு என்று விலக்கிச் சொல்கிறார். சோடு வடக்கிலிருந்து வந்தது, சப்பாத்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. காலணி நம் காலத்து ஆக்கம், நன்றாகவே ஊன்றிவிட்டது.

வேட்டைக்காரன் காலில் இருந்ததற்கும் பெயர் இருக்கிறது. அகநானூற்று 368ஆம் பாட்டு "தொடுதோற் கானவன் சூடுறு வியன்புனம்" என்று தொடங்குகிறது. பாடியவர் மதுரை மருதனிளநாகனார், நம்ம ஊர்க்காரர். காலில் தோலைத் தொட்ட, அதாவது அணிந்த கானவன் சுட்டு வைத்த பெரிய புனம் அது. கரியை மழை கழுவிவிட்ட ஈரத்தில் தினை வளர்ந்து நிற்கிறது. காடு, சாம்பல், மழை, ஈரம் இத்தனைக்கும் நடுவில் அவன் காலில் இருப்பதைப் புலவர் முதல் சொல்லாக வைத்திருக்கிறார்.

தொடுதோல் அழகான சொல். ஆனால் ரப்பருக்கும் பிவிசிக்கும் தோல் என்ற சொல் பொய்யாகிவிடும். எனக்கு வேண்டியது பெரும்பாணாற்றுப்படையில் இருந்தது. கழுதைமேல் மிளகுப் பொதி ஏற்றிக் காட்டுவழி போகும் வணிகர்களைப் பாடும் இடத்தில் "அடிபுதை அரணம் எய்தி" என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அடியைப் புதைக்கிற அரணம், பாதத்தை முழுக்க மறைத்துக் காக்கும் கோட்டை. செருப்பு என்று உரை சொன்னாலும், சொல்லுக்குள் இருக்கும் படம் பட்டை வைத்த செருப்பு இல்லை, மூடிய காலணி. எதனால் செய்தது என்ற பேச்சே அதில் இல்லை. தோலானாலும் ரப்பரானாலும் நாளைக்கு வேறு எது வந்தாலும் பொருந்தும். ரப்பர் என்ற பெயர் தேய்க்கிற வேலையிலிருந்து வந்தது போல இதுவும் செய்கிற வேலையிலிருந்தே பிறந்திருக்கிறது.

புதைமிதியடி என்றும் எழுதுகிறார்கள். மதுரையில் மிதியடி என்றால் வாசலில் போட்டுக் கால் துடைப்பதும்தான், குழப்பம் வரும். கம் என்பதைப் பார்த்துப் பிசின் காலணி என்று மொழிபெயர்த்தால் அது சொல்லை மட்டும் பார்த்துப் பொருளைப் பார்க்காத வேலை. என் தேர்வு அடிபுதை. மழைக்கால அடிபுதை, நெட்டை அடிபுதை, குட்டை அடிபுதை, ரப்பர் அடிபுதை என்று ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். "பணியாளர் அனைவருக்கும் கையுறையும் அடிபுதையும் வழங்கப்படும்" என்று ஓர் அறிவிப்பில் எழுதிப் பாருங்கள், முட்டாமல் போகிறது.

மாமாவிடம் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "அடிபுதை... அடி புதையுற சேத்துக்குப் போடுறதுன்னு வச்சுக்கலாம் மாப்ள" என்றார். இந்தக் காரணத்தை நான் திருத்தவில்லை. வீட்டுப் பின்கட்டில் ரெண்டு கம்பை நட்டு, வேலை முடிந்ததும் கழுவி, அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்கிறார், வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து. வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும். ராத்திரி மடைக்குக் கிளம்பும்போது எடுத்து, தேள் ஏதும் இருக்கிறதா என்று ரெண்டு தட்டுத் தட்டி உதறிவிட்டுத்தான் காலை நுழைக்கிறார்.