பகடை உருட்டித் துகளை நடக்க விடுற சாஃப்ட்வேர்

சீசியம்-137ங்கிற கதிரியக்கப் பொருள்ல இருந்து ஒரு காமா ஃபோட்டான், அதாவது காமா கதிரோட ஒரு துகள் கிளம்புது, எனர்ஜி 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட், நேரா கதிர்வீச்சு டிடெக்டரா பயன்படற ஒரு சோடியம் அயோடைட் கிரிஸ்டலுக்குள்ள போய் நுழையுது. உள்ள போனதும் அதுக்கு என்ன ஆகும்? நேர்மையா சொல்லணும்னா யாருக்கும் தெரியாது. எங்க மோதும், எப்படி மோதும், எந்தப் பக்கம் திரும்பும் எல்லாமே வாய்ப்புக் கணக்கு. ஆனா இதே மாதிரி பத்து லட்சம் ஃபோட்டானை அனுப்பினா மொத்தமா என்ன வரும்னு கேட்டீங்கன்னா அதை நல்லாவே சொல்லிடலாம், கிரிஸ்டல் வாங்காமலே, சீசியம் பக்கத்துல கூடப் போகாமலே சொல்லிடலாம். அதுக்குன்னே இருக்கற சாஃப்ட்வேர்தான் ஜியான்ட்4. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதினது, முழுக்க ஓப்பன் சோர்ஸ், யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ணி ஒவ்வொரு வரியா பிரிச்சுப் பார்க்கலாம்.

இது எப்படி ஓடுதுன்னு புரியணும்னா அந்த ஒரு ஃபோட்டான் பின்னாடியே போனா போதும். இந்த எனர்ஜில சோடியம் அயோடைடுக்குள்ள ஒரு ஃபோட்டான் மோதறதுக்கு முன்னாடி சராசரியா மூணரை சென்டிமீட்டர் போல போகும். கம்ப்யூட்டர் 0க்கும் 1க்கும் நடுவுல ஒரு ரேண்டம் நம்பர் எடுக்கும், அதோட இயல் லாகரிதம் எடுத்து, மைனஸைத் தூக்கிட்டு, மூணரையால பெருக்கும், அவ்வளவுதான், இந்தக் குறிப்பிட்ட ஃபோட்டான் போகப் போற தூரம் கிடைச்சாச்சு. நம்பர் 0.9னு விழுந்தா நாலு மில்லிமீட்டர் கூட தாண்டாது, 0.5னா சுமாரா 2.4 சென்டிமீட்டர், 0.1 விழுந்தா எட்டு சென்டிமீட்டர், கிரிஸ்டல் சின்னதா இருந்தா எதுலயும் மோதாமலே மறுபக்கமா வெளிய போயிடும்.

சரி, 0.5 விழுந்துச்சுன்னு வைங்க. 2.4 சென்டிமீட்டர்ல நிக்குது. இப்ப அடுத்த பகடை, என்ன மாதிரி மோதல்? இந்த எனர்ஜில பெரும்பாலும் காம்ப்டன் சிதறல், அதாவது ஒரு எலக்ட்ரான்ல மோதி எனர்ஜில ஒரு பங்கை அதுக்குக் கொடுத்துட்டுத் திரும்பறது, எப்பவாவது ஒளிமின் விளைவு, அதாவது ஃபோட்டான் மொத்தமா விழுங்கப்பட்டுடறது. காம்ப்டன்னு வந்தா மூணாவது பகடை, எந்தக் கோணத்துல திரும்புது? அதுக்கு 1929லயே வந்த கிளைன்-நிஷினா ஃபார்முலா இருக்கு, எந்தக் கோணத்துக்கு எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லிடும். ஃபோட்டான் அப்படியே 180 டிகிரி திரும்பிடுச்சுன்னா அதுகிட்ட மிச்சம் 184 கிலோ எலக்ட்ரான் வோல்ட், எலக்ட்ரான் கைக்கு 478. அந்த எலக்ட்ரான் ஒரு மில்லிமீட்டருக்குள்ளயே எல்லாத்தையும் கொட்டிட்டு நின்னுடும். திரும்பின ஃபோட்டான் கிரிஸ்டலை விட்டு வெளிய ஓடிடுச்சுன்னா டிடெக்டர் கண்ணுக்கு 478 மட்டும்தான் தெரியும். இதைப் பத்து லட்சம் தடவை பண்ணி ஹிஸ்டோகிராம் போட்டா, முழு எனர்ஜியும் உள்ளயே விழுந்த கேஸ்களுக்கு 662ல ஒரு கூரான சிகரம், அதுக்குக் கீழ 478 பக்கத்துல பாறை விளிம்பு மாதிரி டக்குனு விழற ஒரு சரிவு. லேப்ல உண்மையான கிரிஸ்டல் தர்ற ஸ்பெக்ட்ரமும், கொஞ்சம் மழுங்கலா இருந்தாலும், இதே வடிவம்தான். முதல் தடவை லேப்டாப்ல அந்த விளிம்பு தானா உருவாகி வந்ததைப் பார்த்தப்போ நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துட்டே இருந்தேன், ஏன்னா புரோகிராம்ல எங்கயும் 478னு நான் எழுதவே இல்ல.

பகடை உருட்டிக் கணக்குப் போடற இந்த யோசனைக்கு மான்டே கார்லோ முறைன்னு பேரு. 1946ல கணித ஆளு ஸ்டானிஸ்லாவ் உலம் உடம்பு சரியில்லாம படுத்திருந்தப்போ சீட்டுல சாலிட்டேர் ஆடிட்டு இருந்தாரு, ஜெயிக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஃபார்முலா போட்டுப் பார்த்தாரு, முடியல, பேசாம நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயிச்சோம்னு எண்ணிட்டா என்னன்னு தோணுச்சாம். அதை இன்னொரு கணித மேதை ஜான் வான் நாய்மன்கிட்ட சொல்ல, அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்துல நியூட்ரான் எப்படிப் பரவுதுங்கிற கணக்குக்கு அந்த முறை போச்சு. சூதாட்ட ஊரோட பேரை வச்சது அவங்க கூட வேலை பார்த்த நிக்கோலஸ் மெட்ரோபாலிஸ்.

ஃபோட்டானுக்கு வருவோம். மேல நான் சொன்னது சுருக்கம், ஜியான்ட்4 உள்ள நடக்கறது ஒரு ஏலம் மாதிரி. ஒரு துகளுக்கு என்னென்ன ஆகலாமோ அது ஒவ்வொண்ணும் தனித்தனியா பகடை உருட்டி "நான் இவ்வளவு தூரத்துல நடப்பேன்"னு ஒரு தூரம் சொல்லும். காம்ப்டன் ஒரு தூரம் சொல்லும், ஒளிமின் விளைவு ஒண்ணு சொல்லும், கூடவே ஜியோமெட்ரியும் "இத்தனை மில்லிமீட்டர்ல இந்தப் பொருள் முடிஞ்சு அடுத்தது வருது"ன்னு ஒரு தூரம் சொல்லும். எது சின்னதோ அதுதான் ஜெயிக்கும், துகள் அவ்வளவு தூரம் மட்டும் ஒரு ஸ்டெப் எடுத்து வைக்கும், அங்க ஆகவேண்டியது ஆகும், புதுசா பிறந்த துகள்கள் எல்லாம் ஒரு அடுக்குல போய் உக்காந்துக்கும், ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததை எடுத்து இதே கூத்து திரும்ப. ஈயத்துக்குள்ள 10 ஜிஇவி (ஒரு ஜிஇவின்னா நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்) எலக்ட்ரான் ஒண்ணு போச்சுன்னா ஒவ்வொரு அரை சென்டிமீட்டர் சொச்சத்துக்கும் துகள் எண்ணிக்கை கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும், பத்து தடவை ரெட்டிப்பானா ஆயிரத்தைத் தாண்டிடும், அத்தனையும் தனித்தனியா நடத்திக் கூட்டிட்டுப் போகணும்.

இதுல ஒரு சிக்கல், எலக்ட்ரான் போற வழியில உதிர்க்கற குட்டிக் குட்டி எலக்ட்ரான், ஃபோட்டான் எல்லாத்தையும் பின்தொடர ஆரம்பிச்சா கணக்கு முடியவே முடியாது, எனர்ஜி குறையக் குறைய எண்ணிக்கை எகிறிட்டே போகும். அதனால ஒரு வெட்டு வச்சிருக்காங்க. பிறந்தா 0.7 மில்லிமீட்டர் கூடப் போகத் தெம்பில்லாத துகளைத் தனியா பெத்துப் போடாம, அதோட எனர்ஜியைத் தாய்த் துகளோட கணக்குலயே கழிச்சு அந்த இடத்துலயே கொட்டிடுவாங்க. 0.7ங்கிறது டீஃபால்ட்தான், நம்ம டிடெக்டர் அதை விட மெல்லிசா இருந்தா நாமதான் மாத்திக்கணும், மாத்தாம விட்டுட்டு ரிசல்ட் தப்புன்னு புலம்பறவங்க நிறைய.

ஜியோமெட்ரி பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. ஒரு துகள் ரெண்டு பொருளுக்கு நடுவுல இருக்கற பரப்பு மேல சரியா நிக்கும்போது அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? கம்ப்யூட்டர்ல தசமம் எப்பவும் கடைசி இலக்கத்துல கொஞ்சம் ஆடும். அதனால ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு தடிமன் இருக்கற மாதிரி வச்சுக்கறாங்க, மில்லிமீட்டர்ல நூறு கோடியில ஒரு பங்கு, அதாவது ஒரு அணு சைஸ்ல நூறுல ஒண்ணு. அதுக்குள்ள இருந்தா "பரப்பு மேல இருக்கு"ன்னு அர்த்தம். இது தெரியாம நான் ஆரம்பத்துல கிரிஸ்டலுக்கு ஒரு அலுமினிய உறை வரைஞ்சேன், உள் ஆரத்தை ஒரு மில்லிமீட்டர் கம்மியா போட்டுட்டேன் போல, உறையும் கிரிஸ்டலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறி உக்காந்துருச்சு. புரோகிராம் நிக்கல, கிராஷ் ஆகல, சமத்தா ஓடி ஒரு தப்பான நம்பரைக் கொடுத்துச்சு. ரெண்டு நாள் ஃபிசிக்ஸ்ல தப்பைத் தேடினேன். ஓவர்லேப் செக் பண்ண ஒரே ஒரு கமாண்ட் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

இன்னொண்ணு, இதை இன்ஸ்டால் பண்ணி டபுள் கிளிக் பண்ணினா எதுவும் திறக்காது. இது டூல்கிட். மூணு விஷயம் நீங்க கண்டிப்பா கொடுக்கணும்: டிடெக்டர் எப்படி இருக்கு, எந்தத் துகளை எங்க இருந்து விடறோம், எந்த ஃபிசிக்ஸ். மூணாவதைப் பார்த்துட்டு "ஃபிசிக்ஸ்ல என்னங்க சாய்ஸ்"னு கேக்கத் தோணும். இருக்கு. புரோட்டான் மாதிரி ஒண்ணு அணுக்கருவுல போய் மோதினா என்ன ஆகும்னு அடிப்படைத் தியரில இருந்து நேரா கணக்குப் போட இன்னிக்கும் நம்மால முடியாது, அதனால மாடல்கள்தான், ஒவ்வொரு மாடலும் ஒரு எனர்ஜி ஏரியாவுலதான் ஒழுங்கா வேலை செய்யும். பரவலா பயன்படுத்தற எஃப்டிஎஃப்பி பெர்ட்ங்கிற ரெடிமேட் மாடல் பட்டியல்ல கம்மி எனர்ஜிக்கு பெர்டினிங்கிற மாடல், அதிக எனர்ஜிக்கு ஃப்ரிட்டியோஃப்ங்கிற மாடல். நடுவுல சில ஜிஇவி அகலத்துக்கு ரெண்டும் செல்லும், அங்க எந்த மாடலைக் கூப்பிடறதுன்னு முடிவு பண்றது என்ன தெரியுமா? அதுவும் ஒரு பகடைதான். முதல்ல படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, அப்புறம் யோசிச்சா இதை விட நியாயமான வழி எனக்கும் தோணல.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சதுன்னா, ஐரோப்பாவோட துகள் ஃபிசிக்ஸ் ஆய்வகமான செர்ன்ல 1974ல முதல் ஜியான்ட். ஜியோமெட்ரி, டிராக்கிங் ரெண்டையும் சேர்த்து வச்ச பேரு, பிரெஞ்சுல ராட்சசன்னும் அர்த்தம் வரும். 80கள்ல வந்த ஜியான்ட்3 ஃபோர்ட்ரான்ல எழுதினது, அதை வச்சு ஒரு தலைமுறையே வேலை பார்த்துச்சு. ஆனா புதுசா ஒரு மாடல் சேர்க்கணும்னா அந்தப் பழைய புரோகிராமுக்குள்ள கை வைக்கவே பயம். 1993ல செர்ன்லயும் ஜப்பானோட துகள் ஆய்வகமான கேஇகேலயும் தனித்தனியா இதையே யோசிச்சுட்டு இருந்திருக்காங்க, நவீன முறையில எழுதினா என்னன்னு. தனித்தனியா எழுதி ரெண்டு சாஃப்ட்வேர் ஆகியிருக்க வேண்டியது. அப்படி ஆகாம 1994 கடைசியில ஆர்டி44ங்கிற ஒரே திட்டத்துல சேர்ந்துட்டாங்க, ஐரோப்பா, ரஷ்யா, ஜப்பான், கனடா, அமெரிக்கான்னு சுமார் நூறு பேர். முழுசா சி பிளஸ் பிளஸ்ல, சுழியில இருந்து. 1998 டிசம்பர்ல முதல் வெர்ஷன் வந்துச்சு. 2003ல வந்த அதோட பேப்பர்தான் இந்தத் துறையில ரொம்ப அதிகமா மேற்கோள் காட்டப்படற பேப்பர்கள்ல ஒண்ணு.

1999ல இருந்து ஒரு கூட்டமைப்பா நடக்குது. தனி ஒரு கம்பெனி கிடையாது, ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தங்களோட ஆட்களோட நேரத்தைத் தர்றாங்க, ஜியோமெட்ரிக்கு ஒரு குழு, மின்காந்தப் பகுதிக்கு ஒண்ணு, அணுக்கரு மோதலுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கறாங்க, வழக்கமா டிசம்பர்ல புது வெர்ஷன். லைசென்ஸ் ரொம்பத் தாராளம். இதே மாதிரி வேலை செய்யற அமெரிக்காவோட எம்சிஎன்பி வேணும்னா விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கணும், அதுல அணு ஆயுத ஆய்வோட பூர்வீகம் இருக்கறதால ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு.

தூரத்துல இருக்கறவங்க எப்படிச் சேர்ந்து பிழை கண்டுபிடிக்கறாங்கங்கறதுல ஒரு அழகு இருக்கு. பகடைன்னு சொன்னேனே, அது நிஜப் பகடை இல்ல, ஒரு விதை நம்பரைக் கொடுத்தா எப்பவும் அதே வரிசையில நம்பர் கொட்டற ஃபார்முலா. ஒரு கோடித் துகள்ல ஒண்ணே ஒண்ணு ஏதோ மூலையில மாட்டிக்கிட்டா, அந்த நிகழ்வோட விதையையும் ஜியோமெட்ரியையும் அனுப்பினா போதும், பூமியோட அந்தப் பக்கம் இருக்கறவர் அதே வெர்ஷன்ல ஓட்டி அதே துகளை அதே மூலையில மாட்ட வச்சுப் பார்ப்பாரு. 2013ல மல்டி-த்ரெட் (ஒரே நேரத்துல பல இழையா வேலையைப் பிரிச்சு ஓட்டறது) வந்தப்போ கூட ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி விதைன்னு வச்சாங்க, நாலு த்ரெட்ல ஓட்டினாலும் நாப்பதுல ஓட்டினாலும் ரிசல்ட் மாறக் கூடாதுங்கறதுக்காக.

சோர்ஸ் கோடு எல்லாருக்கும் திறந்து இருக்கறதால என்ன ஆச்சுன்னு ரெண்டு கதை. துகள் ஃபிசிக்ஸ் ஆட்களுக்கு டன் கணக்குல எடையுள்ள டிடெக்டர்தான் உலகம், எலக்ட்ரான் சிதறல்ல சின்னப் பிழை இருந்தா அங்க வெளிய தெரியவே தெரியாது. ஆனா ரேடியோதெரபி டோஸ் அளக்கறவங்களோட கருவியில ஒரு விரல் நுனி அளவு காத்து அறை இருக்கும். 2005ல கனடாவுல மருத்துவ ஃபிசிக்ஸ் ஆட்கள் ஃபானோ டெஸ்ட்னு ஒண்ணை ஜியான்ட்4 மேல ஓட்டினாங்க. விடை என்ன வரணும்னு தியரிலயே முன்னாடியே தெரிஞ்ச கேஸ் அது, தப்பிக்கவே முடியாது. ஸ்டெப் நீளத்தை மாத்தினா விடையும் மாறுது! இயற்கைக்கு ஸ்டெப்னு ஒண்ணு கிடையாது, அது நாம வச்சுக்கிட்டது, அதை மாத்தினா டோஸ் மாறக் கூடாது. அதுக்கப்புறம் வந்த வெர்ஷன்கள்ல அந்தச் சிதறல் பகுதியைத் திரும்பத் திரும்பத் திருத்தினாங்க.

இன்னொண்ணு விண்வெளி. 1999 ஜூலைல சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி போச்சு, சில வாரத்துலயே அதோட சிசிடி கேமரா கெட ஆரம்பிச்சுது. எக்ஸ்ரேயைக் குவிக்கற கண்ணாடிகள் சாய்வா சறுக்க விட்டுத்தான் குவிக்கும், பூமியைச் சுத்தி இருக்கற கதிர்வீச்சு வளையத்தோட கம்மி எனர்ஜி புரோட்டானும் அதே மாதிரி சறுக்கி நேரா கேமரா மேலயே வந்து விழுந்திருக்கு. அதே வருஷம் டிசம்பர்ல போன ஐரோப்பாவோட எக்ஸ்ரே தொலைநோக்கி எக்ஸ்எம்எம்-நியூட்டனுக்கும் அதே மாதிரிக் கண்ணாடிதான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்காரங்க ஜியான்ட்4ல கண்ணாடிக் கூடுகளை வரைஞ்சு, புரோட்டான் எவ்வளவு உள்ள வரும்னு ஓட்டிப் பார்த்தாங்க. சந்திரா இப்பவும் அந்த வளையத்தைத் தாண்டும்போது கேமராவைக் குவியத்துல இருந்து நகர்த்தி ஒளிச்சு வச்சுக்குது.

இப்போதைய தலைவலி வேகம். செர்னோட எல்எச்சிங்கிற ராட்சசத் துகள் மோதல் இயந்திரத்துல ஒரு மோதலை முழுசா சிமுலேட் பண்ண நிமிஷக் கணக்குல ஆகலாம், அந்த நேரத்துல பெரும்பங்கு எனர்ஜியை அளக்கற கலோரிமீட்டருக்குள்ள பெருகற துகள் கூட்டத்துக்கே போயிடும். ஜிபியூல (கிராஃபிக்ஸ் சிப்ல) போட்டுடலாமேன்னு எல்லாருக்கும் தோணும், ஆனா ஜிபியூவோட பலமே பல இழைகள் ஒரே வேலையை ஒரே நேரத்துல பண்றதுலதான் இருக்கு, இங்கயோ ஒரு ஃபோட்டான் சிதறுது, பக்கத்துல இருக்கறது எலக்ட்ரானாவும் அதோட எதிர்த்துகளான பாசிட்ரானாவும் பிரியுது, இன்னொண்ணு பொருளை விட்டே வெளிய போகுது, ஆளாளுக்கு ஒரு பக்கம். செர்ன்ல அடெப்ட், அமெரிக்க ஆய்வகங்கள்ல செலரிட்டாஸ்னு ரெண்டு திட்டம் இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கு, ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், ரெண்டும் எலக்ட்ரான், பாசிட்ரான், ஃபோட்டானை ஜிபியூக்கு அனுப்பிட்டு மத்ததை ஜியான்ட்4கிட்டயே விட்டுடுது. சரியா வந்திருக்கான்னு பார்க்கறதுக்கும் அதே துகளை ஜியான்ட்4லயும் ஓட்டி, எந்த அடுக்குல எவ்வளவு எனர்ஜி விழுந்துச்சுன்னு ரெண்டு வளைவையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுத்தான் பார்க்கறாங்க.