திராட்சைத் தோலுக்குள் ஒரு கொக்கி

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து 2 வருடம் ஆகிறது. பாரிஸில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லதாம். இதுவரை மதுவைத் தொட்டே பார்க்காத அப்பா என் முகத்தைப் பார்க்கிறார். கொடுக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பி சொல்வது அவர் கற்பனை இல்லை. 30 வருடங்களுக்கு மேலாக உலகத்தைச் சுற்றிவரும் பேச்சு அது.

1991 நவம்பரில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பேசினார். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறது, காரணம் ஒயினாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. அதற்கப்புறம் அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. அடுத்த வருடமே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருவர் ஒயினில் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இருப்பதைக் காட்டினார்கள். 2003இல் அது ஈஸ்ட்டின் ஆயுளைக் கூட்டுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. 2006இல், கொழுப்பைத் தின்று பருத்த எலிகளும் அதைக் கொடுத்தால் நன்றாக வாழ்கின்றன என்று இன்னொன்று. 2008இல் கிளாக்ஸோஸ்மித்க்லைன் என்ற மருந்து நிறுவனம் இந்த ஆராய்ச்சியை வைத்துத் தொடங்கப்பட்ட ஒரு சின்ன நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது. 5 வருடத்தில் அதை மூடியும் விட்டது.

சரி, இந்த ரெஸ்வெரட்ரால் திராட்சையில் ஏன் இருக்கிறது? மனிதனின் இதயத்தைப் பற்றித் திராட்சைக் கொடிக்கு என்ன கவலை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மழை விடாமல் பெய்தால் திராட்சைக் குலையில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். போட்ரைட்டிஸ் என்று பெயர். கொடியால் ஓட முடியாது, பூஞ்சையைத் தட்டிவிடவும் முடியாது. இருந்த இடத்திலேயே விஷம் காய்ச்ச வேண்டியதுதான். 1976இல் இங்கிலாந்தைச் சேர்ந்த லாங்கேக், பிரைஸ் என்ற இருவர், பூஞ்சை தாக்கிய திராட்சை இலையைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். செத்துப்போன புள்ளியைச் சுற்றி, இன்னும் உயிரோடிருந்த திசு நீலமாக ஒளிர்ந்தது. தீ பரவாமல் சுற்றிலும் வரப்பு வெட்டுவோமே, அதைப் போல. அந்த நீலத்தில் இருந்தது ரெஸ்வெரட்ரால்.

கொடி இதைச் செய்யும் விதம்தான் அழகு. புதிதாக எந்தச் சரக்கும் அதற்குத் தேவையில்லை. பழத்தோலுக்குக் கருஞ்சிவப்பு நிறம் கொடுக்க ஏற்கெனவே வைத்திருக்கும் அதே சரக்கு போதும். ஒரு முனையில் அறுகோண வளையம் உள்ள கூமரிக் அமிலத் துண்டு ஒன்று. அதன் மேல் இரண்டிரண்டு கார்பன்களாக மூன்று தடவை சேர்த்தால், மொத்தம் 15 கார்பன் கொண்ட ஒரு மூலக்கூறு, நீண்ட வாலோடு நிற்கும். இதுவரை இரண்டு வேலைக்கும் ஒரே பாதை.

இப்போது அந்த வாலைச் சுருட்டி இன்னொரு அறுகோணமாக்க வேண்டும். கழுத்துச் சங்கிலியின் கொக்கியை எந்தக் கண்ணியில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் சுற்றளவு மாறும் இல்லையா? அப்படித்தான் இதுவும். வால் நுனியிலிருந்து கார்பன்களை எண்ணுங்கள். 6ஆவது கார்பன் 1ஆவதோடு சேர்ந்தால் சால்கோன் வரும். அதிலிருந்துதான் திராட்சையின் நிறமிகள் பிறக்கின்றன. 7ஆவது 2ஆவதோடு சேர்ந்தால் நுனியில் இருந்த ஒற்றைக் கார்பன் வெளியே மிஞ்சி, கார்பன் டை ஆக்ஸைடாகக் கழன்றுபோகும். மீதம் 14 கார்பன். அதுதான் ரெஸ்வெரட்ரால். ஒரே ஒரு கண்ணி தள்ளி மாட்டியதில் ஒன்று சாயம், மற்றொன்று பூஞ்சைக்கொல்லி.

இந்த இரண்டையும் செய்யும் நொதிகள் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். 2004இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜோசஃப் நோயல் குழுவினர், குதிரைமசால் செடியின் சால்கோன் நொதியை எடுத்து, அதில் 18 அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி ரெஸ்வெரட்ரால் செய்ய வைத்தார்கள். வேலை நடக்கும் குழியின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அங்கே சில ஹைட்ரஜன் பிணைப்புகள் இடம் மாறி, ஒரு நீர் மூலக்கூறு சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த மாத்திரையையும் மனதில் வைக்காமல் ஒரு நொதியின் உள்ளறையை வருடக்கணக்கில் உற்றுப் பார்க்கும் இப்படிப்பட்ட வேலைக்குத்தான் அரசுகள் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டும்.

ஆக, ரெஸ்வெரட்ரால் என்பது கொடி தனக்காகக் காய்ச்சிக்கொள்ளும் மருந்து. பெரும்பாலும் தோலில்தான் இருக்கும். சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைத்துப் புளிக்கவிடுவதால் அதில் கொஞ்சம் இறங்குகிறது. எவ்வளவு? ஒயினுக்கு ஒயின் மாறும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லி கிளாஸில் 0.3 மில்லிகிராம். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றில் ஒரு நாள் அளவு 500 மில்லிகிராமுக்குக் குறையாது. அதற்கு 1,600க்கு மேற்பட்ட கிளாஸ் வேண்டும். அந்த ஒற்றைக் கிளாஸில் ஆல்கஹால் எவ்வளவு தெரியுமா? சுமார் 15 கிராம். ரெஸ்வெரட்ராலைப் போல 50,000 மடங்கு.

போகட்டும், மாத்திரையாக விழுங்கினால்? 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் முக்கால்வாசி குடலில் உறிஞ்சப்பட்டுவிட்டது. ஆனால் ரத்தத்தில் ரெஸ்வெரட்ராலாகவே மிஞ்சியது மிகச் சொற்பம். குடல் சுவரும் கல்லீரலும் அதை அன்னியச் சரக்காகப் பார்த்து, சல்ஃபேட்டையோ குளுக்குரோனிக் அமிலத்தையோ ஒட்டி, சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. இத்தாலியில், ஒயினுக்கே பேர்போன கியாந்தி பகுதியில், 65 வயதைத் தாண்டிய 783 பேரின் சிறுநீரில் இந்தக் கழிவுகளை அளந்து 9 வருடம் பின்தொடர்ந்தார்கள். அதிகம் இருந்தவர்களும் குறைவாக இருந்தவர்களும் ஒரே போலத்தான் நோயுற்றார்கள், இறந்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது.

அப்படியானால் அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள் என்ற பழைய கணக்குகள்? 'குடிக்காதவர்' பட்டியலில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களையும் சேர்த்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து குடிக்காதவரையும் அவரையும் ஒரே தட்டில் வைத்தால் கணக்கு சாயத்தான் செய்யும்.

ஒயினின் மற்ற பொருள்களை நான் அடியோடு தள்ளிவிட மாட்டேன். 2012இல் பார்சிலோனாவில், இதய நோய் அபாயம் அதிகமுள்ள 67 ஆண்களுக்கு, நாலு நாலு வாரமாக சிவப்பு ஒயின், ஆல்கஹால் நீக்கிய சிவப்பு ஒயின், ஜின் என்ற வேறொரு மது மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் தெளிவாக இறங்கியது ஆல்கஹால் நீக்கிய ஒயினில் மட்டும்தான். மேல் அளவு சுமார் 6 புள்ளி. சின்ன ஆய்வுதான், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் திராட்சையில் ஏதோ இருக்கிறது, ஆல்கஹால் அதைக் கெடுக்கிறது என்ற எண்ணத்தை அது எனக்குக் கொடுத்தது.

இதைப் பெரிய அளவில் சோதிக்க அமெரிக்காவில் 10 கோடி டாலர் திட்டம் ஒன்று இருந்தது. தினம் ஒரு கிளாஸ் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் வருடக்கணக்கில் ஒப்பிடுவார்கள். பணத்தில் பெரும்பங்கு மது நிறுவனங்களிடமிருந்து வரவிருந்தது. அரசு ஆய்வு அமைப்பின் ஆட்களே அந்த நிறுவனங்களை அணுகிக் கேட்டிருந்தது தெரிந்ததும் 2018இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான். மது நல்லதா என்று மதுக்கடைக்காரர் காசில் கேட்கக்கூடாது. ஆனால் அதே கேள்வியைப் பொதுப்பணத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுபக்கம் தெளிவாக இருக்கிறது. மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். அதோடு மது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

ரெஸ்வெரட்ரால்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தால், வேர்க்கடலைச் செடியும் அதைச் செய்கிறது என்று சொல்லுங்கள். ஒரு அமெரிக்க ஆய்வில், 100 கிராம் அவித்த கடலையில் அரை மில்லிகிராம் அளவுக்கு இருந்தது. ஒரு கிளாஸ் ஒயினில் இருப்பதைவிட அதிகம். அதுவும் மருந்து இல்லை. ஆனால் அப்பா சாயங்காலம் கொறிக்கலாம், உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

பாட்டிலை என்ன செய்வது? அதிலிருந்து ஒரு ஸ்பூன் ஒயினை வெள்ளைத் தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு அப்பாவிடம் காட்டுங்கள். சிவப்பு போய் நீலமும் பச்சையும் கலந்த நிறம் வரும். எலுமிச்சை பிழிந்தால் திரும்பவும் சிவக்கும். 6ஆவது கார்பன் 1ஆவதில் மாட்டிய சங்கிலிகளின் வேலை அது. ஒரு கண்ணி தள்ளி மாட்டியவையும் அதே தட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு நிறமில்லை.