கோல்கீப்பர் எப்போது பாய்கிறார்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துப் பள்ளித் திடல்களில் கால்பந்து ஆட அணி பிரிக்கும்போது, வேகமாக ஓட முடியாத பையனைக் கோல்கீப்பராக நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த இடத்துக்கு எவ்வளவு கூர்மையான கணிப்பு தேவை என்பதை ஒரு சிறிய கணக்கே காட்டிவிடும்.

பெனால்டி, அதாவது கோல்கீப்பர் ஒருவரை மட்டும் எதிர்த்து அடிக்கும் தண்டனை உதை, உதைக்கப்படும் புள்ளி கோல் கோட்டிலிருந்து சுமார் 11 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் கோட்டை எட்டிவிடும். கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்கவே 0.2 நொடி கழிந்துவிடுவதால், மிஞ்சும் 0.2 நொடியில் கைகள் 3 மீட்டர் நகர வேண்டுமானால் நொடிக்கு 15 மீட்டர் வேகம் வேண்டும். உசைன் போல்ட்டின் உச்ச வேகமே நொடிக்கு 12 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டியது. ஆகவே மூலைக்கு வரும் வேகமான பந்தைப் பார்த்த பிறகு பாய்ந்து தடுப்பது மனித உடலால் இயலாது. பந்து காலை விட்டுப் புறப்படும் முன்பே திசையை ஊகித்தாக வேண்டும்.

அந்த ஊகம் குருட்டுத்தனமானதன்று. உதைப்பவர் ஊன்றும் காலின் பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இடுப்பு எவ்வளவு பக்கவாட்டில் திரும்புகிறது என்பவை பந்தின் போக்கைக் கடைசிக் கணத்தில் காட்டிக்கொடுக்கின்றன. கண்ணசைவைப் பதிவு செய்த ஆய்வுகளில், தேர்ந்த கோல்கீப்பர்கள் கால்களையும் பந்தையும் கவனித்ததும், புதியவர்கள் உடம்பையும் கைகளையும் பார்த்துக் கவனத்தைச் சிதறவிட்டதும் தெரியவந்தன.

எதிரி தனியாகப் பந்தோடு வரும்போது கைகொடுப்பது வடிவகணிதம். 16 மீட்டர் தொலைவில் பந்து இருக்கையில் கோட்டிலேயே நிற்பவர் 7.32 மீட்டர் முழுவதையும் காக்க வேண்டும்; 5 மீட்டர் முன்னே வந்துவிட்டால் அவர் நிற்கும் இடத்தில் காக்க வேண்டிய அகலம் சுமார் 5 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் தலைக்கு மேல் தூக்கிப் போடும் பந்துக்கு அது வழிவிடும் என்பதால், எப்போது வெளியே வருவது என்ற முடிவுதான் கடினமானது.

செட்டிநாட்டுச் செம்மண் கோடையில் இறுகிவிடும்போது பந்து உயரமாக எழும்புகிறது, சரளைக்கல்லில் பட்டால் திசையும் மாறுகிறது. கையை மட்டும் நம்பாமல் உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவருவது இங்கே கட்டாயம். விழும்போது தொடை, இடுப்பு, விலா, தோள் என்று பக்கவாட்டில் அடுத்தடுத்து நிலத்தைத் தொட்டால் அதிர்ச்சி அகன்ற பரப்பில் பரவி, உடலின் வேகம் அடங்கும் நேரமும் நீள்கிறது. முழங்கையை ஊன்றினால் முழு விசையும் ஒரே மூட்டில் இறங்கிவிடும். கோல் முகப்பு மண்ணையாவது கொத்தி மணல் பரப்பிவிடும்படி பயிற்சியாளர்களை வற்புறுத்திக் கேட்கத் தோன்றுகிறது.

கணிப்பு அனுபவத்தால் வளர்வதாலும், மற்ற ஆட்டக்காரர்கள் ஓடும் தூரத்தில் ஏறத்தாழப் பாதியையே கடப்பதாலும், கோல்கீப்பரின் ஆட்டவாழ்வு நீண்டது. இத்தாலியின் டினோ சோஃப் 1982-இல் உலகக் கோப்பையை அணித் தலைவராக ஏந்தியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஒரு பெனால்டியைத் தடுத்தார்.

அந்த அனுபவத்தைச் சிறு வயதிலேயே ஓரளவு ஊட்ட முடியும். பெனால்டி உதைகளைக் கோல்கீப்பர் நிற்கும் பக்கமிருந்து கைப்பேசியில் படம்பிடித்து, கால் பந்தைத் தொடும் கணத்துக்குச் சற்று முன் காட்சியை நிறுத்தி, எந்தப் பக்கம் என்று மாணவரைச் சொல்லச் செய்து, பிறகு மீதியை ஓடவிட்டுக் காட்டினால் போதும்.